கிடாக்குட்டிக்குக் காயடிப்பது: முன்னே ஆறு வாரம், பின்னே ஆறு வாரம்

ஒரு கிடாக்குட்டிக்குக் காயடிக்க இரண்டு மூன்று நிமிடம் போதும். கோத்தகிரிப் பக்கம் புதிதாக ஆடு வாங்கியவர்கள் என்னிடம் வந்து கேட்பதும் அந்த மூன்று நிமிடத்தைப் பற்றித்தான். எந்த முறை நல்லது, ரத்தம் வருமா, நாமே செய்துவிடலாமா என்று கேட்பார்கள். அந்த மூன்று நிமிடத்தைக் கால்நடை மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். அதற்கு முந்தைய ஆறு வாரமும் பிந்தைய ஆறு வாரமும் நம் பொறுப்பு. குட்டி பிழைப்பதும் தேறுவதும் அந்த நாட்களில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

முதலில், தேவையா?

நான்கு ஐந்து ஆடு வைத்திருக்கிற வீட்டில் பெரும்பாலும் தேவைதான். கிடாக்குட்டி மூன்று மாதத்திலேயே பெட்டை மேல் ஏறத் தொடங்கிவிடும். நான்கு மாதத்தில் சினைபிடிக்க வைத்துவிடவும் கூடும். அது தன் தாயா, கூடப் பிறந்ததா என்றெல்லாம் பார்க்காது. ஒரே கொட்டிலில் விட்டு வைத்தால் அடுத்த ஈற்றில் நோஞ்சான் குட்டிகள் பிறக்கும். உடம்பு வளராத சின்னப் பெட்டைகளும் சினையாகி, ஈனும்போது திணறும். இன்னொன்று, குளிருக்காகப் பக்கம் அடைத்துக் கட்டிய மலைக் கொட்டிலில் வளர்ந்த கிடாயின் வீச்சம் வீடு வரைக்கும் வரும். காயடித்த கிடா சாதுவாக இருக்கும், சண்டைக்குப் போகாது, கறியிலும் அந்த வீச்சம் இருக்காது.

குட்டியை மூன்று மாதத்துக்குள் விற்றுவிடப் போகிறீர்கள் என்றால் இந்த வேலையே வேண்டாம், தனியாகக் கட்டி வையுங்கள், போதும். கோயிலுக்கு நேர்ந்துவிடுகிற எண்ணம் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கக் குறையில்லாத கிடாய்தான் வேண்டும் என்று பெரியவர்கள் நினைத்திருப்பார்கள். காயடித்த பிறகு தெரிந்தால் வீட்டில் மனக்கசப்புதான் மிஞ்சும்.

எந்த வயதில்

கறிக்கு வளர்ப்பதென்றால் இரண்டிலிருந்து மூன்று மாதம் சரியான காலம். குட்டி தழை கடிக்கத் தொடங்கியிருக்கும், தாய்ப்பாலும் கிடைத்துக்கொண்டிருக்கும், கையில் பிடிக்கவும் அடங்கும். வீட்டுப் பிராணியாகப் பல வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் பொறுப்பது நல்லது. அதற்குக் காரணம் உண்டு. கிடாயின் சிறுநீர்க் குழாய் விரிந்து வளர்வதற்கு ஆண் ஹார்மோன் வேண்டும். சின்ன வயதிலேயே காயடித்துவிட்டால் குழாய் குறுகலாகவே நின்றுவிடும், பிற்பாடு சிறுநீரில் கல் உண்டானால் சிக்கிக்கொள்ளும். இதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். ஆனால் பொறுப்பதென்றால் மூன்று மாதம் முடிந்ததுமே அவனைப் பெட்டைகளிடமிருந்து பிரித்துவிட வேண்டும்.

பால் மறக்கடிக்கும் வாரத்திலோ, வேறு ஊரிலிருந்து வாங்கி வந்த வாரத்திலோ, கழிச்சல் கண்டு தேறிக்கொண்டிருக்கும்போதோ காயடிக்கக் கூடாது. ஒரு குட்டி ஒரு நேரத்தில் ஒரு கஷ்டத்தைத் தாங்கினால் போதும்.

முறைகள்

பழைய முறை ஒன்று இருந்தது. இரண்டு கட்டைக்கு நடுவே விதையை வைத்து நசுக்குவார்கள். இன்னும் அதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வரவும் செய்வார்கள். தயவுசெய்து கூப்பிடாதீர்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் கிடைக்கிற காலத்தில் ஒரு உயிரை அப்படி வதைக்க எந்த நியாயமும் இல்லை.

ரப்பர் வளையம் போடுவது பிறந்த முதல் வாரங்களுக்கு உரியது. விதைப்பையின் கழுத்தில் இறுக்கமான வளையத்தை ஏற்றினால் கீழே ரத்த ஓட்டம் நின்று, பை காய்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் விழுந்துவிடும். பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். ஆனால் காய்ந்துகொண்டிருக்கும் சதைக்கும் உயிருள்ள சதைக்கும் நடுவே காற்றுப் புகாத ஈரமான ஒரு இடுக்கு உண்டாகிறது. இசிவு நோய், அதாவது டெட்டனஸ் கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. வளர்ந்த குட்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

கத்தி வைத்து எடுக்கும் முறையில் விதை போய்விட்டது என்பது அங்கேயே உறுதியாகிவிடும். ஆனால் புண்ணைத் தைக்காமல் திறந்தே விடுவார்கள். நம் ஊர் ஈரத்துக்கும் சேற்றுக்கும் ஈக்கும் அந்தப் புண்ணைப் பார்த்துக்கொள்வது புதியவர்களுக்குக் கஷ்டம். ஒரு விதை கீழே இறங்காமல் வயிற்றுக்குள் நின்றுவிட்ட குட்டிக்கு மட்டும் வேறு வழியில்லை, அறுவைதான்.

மூன்று மாதக் குட்டிக்கு நான் நம்புவது பர்டிசோ இடுக்கியைத்தான். இத்தாலியக் கால்நடை மருத்துவர் ஒருவரின் பெயரால் வழங்கும் கருவி இது. பார்க்கப் பெரிய பாக்குவெட்டி மாதிரி இருக்கும், ஆனால் வாய் மழுங்கியிருக்கும். தோலை வெட்டாமல், தோலுக்கு உள்ளே ஓடும் விதைத்தண்டையும் அதிலுள்ள ரத்தக் குழாய்களையும் மட்டும் நசுக்கிவிடும். ரத்தம் கிடைக்காத விதை உள்ளேயே மெல்லச் சுருங்கிப்போகும். வெளியே புண் இல்லை என்பதால் மழையோ ஈயோ பெரிய பயமில்லை. சரியாக நசுங்காமல் தண்டு நழுவிவிடலாம் என்பது இதில் உள்ள குறை. கை பழகியவர் செய்யவேண்டும் என்று சொல்வது அதனால்தான். அரசுக் கால்நடை மருந்தகங்களில் இந்தக் கருவி இருக்கும். முன்கூட்டியே கேட்டு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மாதம் முன்பே: இசிவு ஊசி

என் முதல் கிடாக்குட்டியின் பெயர் செவலை. மூன்றரை மாதத்தில், ஊரில் இந்த வேலைக்கு வந்து போகிற ஒருவர் ரப்பர் வளையம் போட்டுவிட்டார். ஊசி ஏதும் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு வாரம் நன்றாக மேய்ந்தான். ஒன்பதாம் நாள் காலையில் கொட்டிலைத் திறந்தபோது, நான்கு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு மரக் குதிரை மாதிரி நின்றான். காது இரண்டும் விறைத்து மேலே நின்றன. வால் நீட்டிக்கொண்டிருந்தது. பால் புட்டியை நீட்டினேன். மோந்து பார்த்தான், குடிக்கவேண்டும் என்று ஆசை இருந்தது, வாய் திறக்கவில்லை. கதவை லேசாகத் தட்டிய சத்தத்துக்கே உடம்பு வெட்டி இழுத்தது. பதினோராம் நாள் போய்விட்டான். இதை எழுதும்போதும் அந்தத் திறக்காத வாய்தான் கண்முன் நிற்கிறது.

அது டெட்டனஸ், இசிவு நோய். கிருமி மண்ணில் எங்கும் இருக்கிறது, குதிரைச் சாணத்தில் அதிகம். நம் மாவட்டத்தில் குதிரைகள் சாலையிலும் மேய்ச்சல் வெளியிலும் திரிவது உங்களுக்குத் தெரியும். தோட்டத்துக்குக் குதிரைச் சாணம் வாங்கிப் போடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். கிருமி புகுந்து நோய் வெளியே தெரியச் சில நாளிலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். தெரிந்த பிறகு காப்பாற்றுவது மிகவும் கடினம்.

இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் போட்ட அன்றைக்கே காப்பு வந்துவிடாது. முதல் ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசி, அதற்குப் பின் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒன்றிரண்டு வாரம். ஆகமொத்தம் ஒன்றரை மாதம் முன்பே தொடங்கவேண்டும். தாய் ஆட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு இந்த ஊசி போட்டிருந்தால் சீம்பால் வழியாகக் குட்டிக்குக் கொஞ்ச நாள் காப்பு கிடைக்கும். வாங்கி வந்த ஆட்டுக்கு என்ன போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாதபோது, போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாகச் செய்தாகவேண்டும் என்றால் உடனடிக் காப்புத் தரும் எதிர்நச்சு ஊசி கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் நாளைத் தள்ளிப்போடுங்கள். ஒரு மாதம் கழித்துச் செய்வதால் ஒன்றும் கெட்டுப்போகாது.

எந்த மாதத்தில்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி ஆடியில் விடாமல் கொட்டும். அந்தந்த இடத்தில் அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். சேறு, அட்டை, காயாத கொட்டில் எல்லாம் சேர்ந்து குட்டியை வாட்டும். ஊட்டிப் பக்கம் மார்கழி, தை மாதத்து உறைபனி இரவுகளும் வேண்டாம். மாசி, பங்குனிதான் எனக்குப் பிடித்த காலம். பகலில் வெயில் இருக்கும், தரை காய்ந்திருக்கும், ஈயும் இன்னும் பெருகியிருக்காது.

இரண்டு நாள் முன்: கையால் பார்த்துக்கொள்வது

குட்டியை மடியில் உட்காரவைத்து விதைப்பையைத் தடவிப் பாருங்கள். இரண்டு விதையும் தனித்தனியாக, ஒரே அளவாக, வழுக்கிக்கொண்டு கையில் கிடைக்கவேண்டும். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பை ஒரு பக்கம் மட்டும் பெரிதாக, மெத்தென்று இருந்து, குட்டியை மல்லாத்தியதும் வீக்கம் உள்ளே போய்விடுகிறது என்றால் அது குடல் இறக்கமாக இருக்கலாம். அந்தக் குட்டிக்கு இடுக்கி போட்டால் குடல் நசுங்கும். இந்த ஒரு சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் எடை. மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, கழித்துக்கொண்டால் போதும். உடம்புச் சூட்டையும் இரண்டு நாள் காலையில் பார்த்துக் குறித்துவையுங்கள். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்கவேண்டும். 102-லிருந்து 103.5 ஃபாரன்ஹீட் வரை ஆட்டுக்கு இயல்பு. மனிதக் கணக்கை வைத்துக்கொண்டு காய்ச்சல் என்று பயந்துவிடவேண்டாம்.

வலி மருந்து, பாறு கழுகு

மரத்துப்போகும் ஊசி, வலி குறைக்கும் ஊசி இரண்டும் வேண்டும் என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். "சின்னக் குட்டிதானே, கொஞ்ச நேரம் கத்திட்டு ஓய்ஞ்சிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். ஓய்ந்துவிடுவது உண்மைதான், வலி போய்விட்டது என்பது உண்மையில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஐம்பது வருஷமாக ஆடு வைத்திருப்பவர். அவர் எனக்குச் சொன்னது: "கத்தலேன்னா வலிக்கலேன்னு நெனைச்சுக்காத தம்பி. ஆடு வலியை மறைச்சு வைக்கும். நோவுன்னு தெரிஞ்சா காட்டுல மொதல்ல பிடிபடறது அதுதானே."

மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெய்னை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வெள்ளாட்டுக்கு, அதிலும் குட்டிக்கு, அளவு கொஞ்சம் கூடினாலும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் எடையைக் கேட்டு, நீர்த்துப்போகச் செய்து போடுவார்.

வலி ஊசி மெலாக்சிகாம்தான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கோடநாடு காட்சிமுனையில் நின்று கீழே பார்த்தால் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடாவும் தெரியும். தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் இன்னும் கூடுகட்டி வாழ்கிற சில இடங்களில் அந்தப் பள்ளத்தாக்கும் ஒன்று. டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடோ ஆடோ செத்து, அதைத் தின்கிற கழுகின் சிறுநீரகம் கெட்டுச் சில நாளில் அதுவும் செத்துவிடும். இதனால்தான் 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் இரண்டும் 2023-இல் தடைக்குள் வந்தன. மெலாக்சிகாம் கழுகுக்கும் கெடுதல் செய்யாது, குட்டிக்கும் நன்றாக வேலை செய்யும். மனிதர்களுக்கான வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

அன்று காலை

மருத்துவரை முடிந்தவரை காலையிலேயே வரச்சொல்லுங்கள், அல்லது காலையிலேயே கொண்டுபோங்கள். பகல் முழுக்கக் குட்டியைக் கவனிக்க நேரம் கிடைக்கும், ஏதாவது ஆனால் திரும்பக் கூப்பிடவும் முடியும். கொட்டிலில் ஒரு மூலையைக் கூட்டி, பழைய படுக்கையை அள்ளிப்போட்டு, காய்ந்த புல்லைக் கனமாகப் பரப்புங்கள். பரண் போட்ட கொட்டிலாக இருந்தால் இடைவெளியில் குளிர்காற்று ஏறும், அடியில் இரண்டு சாக்கு விரித்து அதன்மேல் புல்லைப் போடுங்கள். தாயிடம் வழக்கம்போல் பால் குடிக்க விடலாம். மருத்துவர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொன்னபடி.

பிடிப்பது நம் வேலை. பெஞ்சில் உட்கார்ந்து, குட்டியின் முதுகு உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கும்படி மடியில் உட்காரவையுங்கள். அதன் இடது முன்காலையும் இடது பின்காலையும் சேர்த்து உங்கள் இடது கையில், வலது பக்கத்துக் கால்களை வலது கையில். கால்கள் மேலே மடங்கியிருக்கும், விதைப்பை முன்னால் தெரியும். இறுக்கிப் பிடித்தால் துள்ளும், தளர்த்தினால் நழுவும். உங்கள் தாடையை அதன் தலைமேல் லேசாக வைத்துக்கொண்டு வழக்கமாகக் கூப்பிடும் குரலில் பேசிக்கொண்டிருங்கள். நெஞ்சோடு அணைத்திருக்கும்போது அதன் மூச்சு மெதுவாக இறங்குவது உங்களுக்கே தெரியும்.

மருத்துவர் என்ன செய்கிறார் என்று தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். முதலில் மரத்துப்போகும் ஊசி, பிறகு ஐந்து பத்து நிமிடம் காத்திருப்பார். அவசரப்படுத்தாதீர்கள். பிறகு ஒரு பக்கத்து விதைத்தண்டை விரலால் பையின் ஓரத்துக்குத் தள்ளி, இடுக்கியின் வாயில் கொடுத்து மூடுவார். உள்ளே மெல்ல நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். மூடியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுப்பார். அதற்குக் கொஞ்சம் கீழே அதே பக்கம் இன்னொரு முறை. பிறகு அடுத்த பக்கம். இரண்டு பக்கத்தையும் ஒரே கோட்டில் சேர்த்து நசுக்க மாட்டார்கள். நடுவில் ஒரு பட்டை தோல் நசுங்காமல் இருந்தால்தான் விதைப்பைக்கு ரத்தம் போகும், பை அழுகாது. பையை ஒட்டி இருக்கும் சின்னக் காம்பும் இடுக்கியில் சிக்கக் கூடாது. முடிந்ததும் நசுங்கிய தடத்தில் அயோடின் மருந்து தடவி, வலி ஊசியை முன்பே போட்டிருக்காவிட்டால் அப்போது போடுவார்.

அவர் கிளம்பும் முன் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த வலி ஊசி எப்போது, எது தெரிந்தால் கூப்பிடவேண்டும், கறிக்கு வெட்டுவதாக இருந்தால் மருந்து போட்டு எத்தனை நாள் கழித்து.

முதல் பகலும் முதல் இரவும்

இறக்கிவிட்டதும் குட்டி நேராக நடந்து போனால் ஆச்சரியப்படாதீர்கள், மரத்திருக்கிறது. மருந்து தெளிந்த பிறகுதான் தெரியும். பின்காலால் தரையைத் தட்டும். படுக்கும், எழுந்திருக்கும், மறுபடி படுக்கும். கழுத்தைத் திருப்பித் தன் பின்பக்கத்தைப் பார்க்கும். வாலை விட்டுவிட்டு உதறும். மேலுதட்டைச் சுருட்டும். காதைக் கிட்டே கொண்டுபோனால் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கலாம். இவை சில மணி நேரத்தில் குறைந்துகொண்டே வரவேண்டும். குறையாமல் சாயங்காலம் வரை நீடித்தால் வலி மருந்து போதவில்லை என்று அர்த்தம், கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

செவலைக்குப் பிறகு வந்தவன் மொட்டு. இசிவு ஊசி இரண்டும் போட்டு, பர்டிசோவில், பங்குனி மாதத்தில் செய்தோம். அன்றைக்கு இருட்டிய பிறகு மூடுபனி இறங்கிவிட்டது. நான் கொட்டிலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தாய் அவன் காதை நக்கிக்கொண்டே இருந்தது. அவன் தாயின் மடியில் ஒருமுறை முட்டினான், விலகினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முட்டினான், மறுபடி விலகினான். மூன்றாவது முறை காம்பைப் பிடித்துக்கொண்டு குடித்தான். குடிக்கக் குடிக்க வால் சுழல ஆரம்பித்தது. குட்டி பால் குடிக்கும்போது ஆட்டுமே, அந்தச் சின்ன ஆட்டம். அதைப் பார்த்த பிறகுதான் எழுந்து வீட்டுக்குப் போனேன். உங்கள் குட்டியிடமும் நீங்கள் காத்திருக்கவேண்டியது இதற்குத்தான். வாலாட்டிக்கொண்டு பால் குடித்தால், அசைபோட்டால், புழுக்கை போட்டால், சிறுநீர் தடையில்லாமல் போனால் முதல் கட்டம் தாண்டியாயிற்று.

குட்டியைத் தனியாகக் கட்டாதீர்கள். தாயோ பழகிய இன்னொரு குட்டியோ பக்கத்தில் இருக்கவேண்டும். தனியாக விட்டால் கத்தும், நம் மலையில் இரவில் ஆடு கத்தினால் சிறுத்தை காதில்தான் முதலில் விழும். கொட்டிலின் கதவு, மேற்கூரை இடைவெளி, சுவரின் அடிப்பலகை எல்லாவற்றையும் வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.

அடுத்த பத்து நாள்

மறுநாளே கொட்டிலை ஒட்டி மெதுவாக நடக்க விடுங்கள். நடந்தால் வீக்கம் சீக்கிரம் இறங்கும். சரிவில் தேயிலைக்குள் ஓடவிடவேண்டாம், நாய் துரத்துகிற இடத்திலும் வேண்டாம். விதைப்பை இரண்டாம் மூன்றாம் நாளில் நன்றாக வீங்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கொஞ்சம் வெதுவெதுப்பாக, தொட்டால் கூச்சமாக இருப்பது இயல்பு. ஒரு வாரத்துக்குப் பின் குறையத் தொடங்கி, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பாருங்கள். முதல் நாளே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிடச் சுலபம்.

பையின் தோல் கறுத்துச் சில்லென்று ஆவது, நாற்றம் வருவது, தோல் வெடித்து நீர் கசிவது, ஒரு பக்கம் மட்டும் வீங்கிக்கொண்டே போவது, உடம்புச் சூடு 104-க்கு மேல் ஏறுவது, ஒரு வேளைக்கு மேல் தீனி எடுக்காமல் ஒதுங்கி நிற்பது. இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்கவேண்டும். நடையில் விறைப்பு, காது விறைப்பு, வாய் திறக்கச் சிரமம் என்றால் அந்த மணி நேரத்திலேயே. 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். மலைப்பாதையில் வந்துசேர நேரம் ஆகும் என்பதால் பக்கத்து மருந்தகத்தின் எண்ணையும் கொட்டில் கதவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வீங்கிய இடத்தில் சாணம், சாம்பல், மண்ணெண்ணெய் எதையும் பூசாதீர்கள். சாணத்திலும் இசிவுக் கிருமி இருக்கும். எண்ணெய் தேய்த்து உருவிவிடவும் கூடாது. தோல் எங்காவது உரிந்திருந்தால் போவிடோன் அயோடின் போதும், அதைச் சுற்றி ஈ அண்டாமல் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவலாம்.

தீனியில் மாற்றம் வேண்டாம், அவனுக்குப் பழகிய தழையே கொடுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தேயிலைத் தோட்டத்தில் அறுத்த புல் இலவசமாகக் கிடைக்கிறது என்று அள்ளி வராதீர்கள். எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான். வேலியோரத்து உண்ணிச்செடியும் ஆட்டுக்கு விஷம். நோவில் இருக்கிற குட்டி முன்னால் கிடப்பதைக் கடிக்கும், அதனால் கைக்கு எட்டும் இடத்திலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள்.

ஆறாவது வாரம்

காயடித்தாயிற்று என்று அன்றைக்கே பெட்டைகளோடு சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. குழாய்களில் ஏற்கெனவே தங்கியிருக்கும் விந்து சில வாரம் வரை வேலை செய்யும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குட்டியை ஆறு வாரம் வரை பெட்டைகளிடமிருந்து பிரித்தே வையுங்கள், சினையாக இல்லாத தாயானாலும் பகலில் நம் கண்முன்னால் மட்டும் சேரட்டும். அந்தச் சமயம் அவன் மேலே ஏறுவதும் முட்டுவதும் தொடர்ந்தால் கவலைப்படவேண்டாம், அது மெல்லத்தான் அடங்கும்.

ஆறு வாரம் ஆனதும் மறுபடி மடியில் வைத்துத் தடவிப் பாருங்கள். விதை இரண்டும் சுருங்கி, கடினமான சின்னக் கொட்டை மாதிரி ஆகியிருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் இன்னும் பழைய அளவில், வழுக்கிக்கொண்டு இருக்கிறது என்றால் அந்தத் தண்டு இடுக்கியில் நழுவியிருக்கிறது. மறுபடி செய்யவேண்டியதுதான். மொட்டுவுக்கு இடது பக்கம் அப்படி ஆகி, இரண்டாம் முறை போனோம். மருத்துவர் கையால் பார்த்துவிட்டு, "நல்லவேளை தொட்டுப் பாத்தீங்க. நெறைய பேர் அடுத்த குட்டி பொறந்த பிறகுதான் வருவாங்க" என்றார்.

அதற்குப் பிறகு: தண்ணீர்

காயடித்த கிடாயை ஆயுசு முழுக்க மிரட்டுவது சிறுநீர்க் கல். தவிடு, அடர்தீவனம் இவற்றில் பாஸ்பரஸ் அதிகம். கொழுக்கவேண்டும் என்று தவிட்டை அள்ளிக் கொடுத்து, கிடா தண்ணீரைக் குறைவாகக் குடித்தால் சிறுநீரில் மணல் மாதிரிப் படிந்து அந்தக் குறுகிய குழாயை அடைத்துவிடும். நம் மலையில் இது இன்னும் அதிகம் நடக்க ஒரு காரணம் குளிர். தை மாதத்துக் காலையில் தொட்டித் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், நம்மாலேயே குடிக்க முடியாது. ஆடு ஒரு வாய் நனைத்துவிட்டு விலகிவிடும். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள், ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் இன்னும் அதிகமாகக் குடிக்கும். தொட்டியைத் தினமும் கழுவுங்கள், புழுக்கை விழுந்த தண்ணீரை ஆடு தொடாது. தழையும் காய்ந்த புல்லும் வயிறு நிறைய, அடர்தீவனம் கையளவு. தாது உப்புக் கலவை வாங்கும்போது சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப் போல் இரண்டு மடங்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடைப்பு வந்தால் கிடா முதுகை வளைத்து நின்று முக்கும், வால் மேலும் கீழும் துடிக்கும், சொட்டுச் சொட்டாக வரும் அல்லது வராது, வலியில் முனகும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு ஒரு நாளைக் கடத்துகிறவர்கள் நிறைய. அதற்குள் மூத்திரப்பை வெடித்துவிடும். அவன் சிறுநீர் கழிப்பதைத் தினமும் ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிடுங்கள். படுத்திருக்கும் கிடாயைக் காலையில் மெல்லத் தட்டி எழுப்பினால் பெரும்பாலும் எழுந்த இடத்திலேயே போகும். தடையில்லாமல் ஒரே ஓட்டமாகப் போகிறதா என்று நின்று பார்த்துவிட்டு, பிறகு கொட்டில் கதவைத் திறந்து மேய்ச்சலுக்கு விடுங்கள்.